சிவப்பு வட்டத்தைத் தொட்ட ஜஹனாரா

ஜஹனாராவுக்கு மறதி கிடையாது. குழம்பில் உப்புப் போட்டோமா என்பதை மறப்பாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். ஆனால் யார் எப்போது தன்னை என்ன சொன்னார்கள் என்பதை, சொன்னவர்களே மறந்துபோன பிறகும் பத்திரமாக வைத்திருப்பாள்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் நான். கீழே முன்பக்கம் அவள் கடை, பின்பக்கம் அவளும் மகள் தூபாவும் குடியிருக்கிறார்கள். கல்யாண ரவிக்கைக்கும் துப்பட்டாவுக்கும் எம்பிராய்டரி போடுவது தொழில். லேப்டாப்பில் டிசைன் வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் செருகினால் ஊசி தானாகத் தைக்கும். மயிலாப்பூரில் பாதிக் கல்யாணப் பெண்களின் முதுகில் மயிலும் மாங்காயும் போட்டது அவள் மெஷின்தான்.

அவள் பழி வாங்குகிற விதமே தனி. அபிராமபுரத்திலிருந்து ஒரு மாமி வருவாள். நாலு பேர் நடுவில் ஒருநாள், "இவா கிட்ட துணியக் குடுத்தா அளந்து வாங்கிக்கணும்டி" என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். ஜஹனாரா சிரித்தாள். ரவிக்கையை அம்சமாகத் தைத்துக் கொடுத்தாள். ஆனால் பின்கழுத்துக் கொக்கியை மட்டும் மாமியின் சொந்தக் கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டாள். அந்த மாமிக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். இப்போது அந்த ரவிக்கையைப் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அவள் மருமகளைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஜஹனாரா தைத்துக் கொல்வாள்.

அவள் இங்கே குடிவந்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. அவள் லேப்டாப்பின் மேல் விளிம்பில் ஒரு துண்டு கறுப்பு லைனிங் துணியை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். காலையில் கடை திறந்ததும் பிஸ்மில்லா சொல்லி ஊதுபத்தி ஏற்றுவாள். அந்தத் துணி திரையின் இடது பக்கத்தில் தொங்கும்படி விட்டுவிட்டு லேப்டாப்பைப் போடுவாள். பிறகு அந்தத் துணியைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ சொல்லுவாள். வேலைக்கான திரை வந்ததும் துணியைத் தூக்கிப் பின்பக்கம் போட்டுவிடுவாள். திருஷ்டிக்கு என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"தினம் இன்னாதான் ஓதறே அந்தத் துணிக்கு?" என்று அவள் பாஷையிலேயே ஒருநாள் கேட்டேன்.

"துவா இல்ல மாமி. சாபம்" என்றாள்.

துணியைத் தூக்கிக் காட்டினாள். திரையில் இரண்டு வட்டங்கள். வலது வட்டத்தின் கீழே 'அம்மி' என்று எழுதியிருந்தது, உருதுவில் அம்மா. அது அவள் கணக்கு. இடது வட்டத்தில் ஒரு நிக்காஹ் படம். மாப்பிள்ளை முகத்தில் தொங்கிய பூச்சரத்தை ஒதுக்கிவிட்டுப் பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் மருதாணிக் கையோடு தூபா. கீழே 'தௌசீஃப் & தூபா' என்று இருந்தது.

அன்றுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது.

தௌசீஃபுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான புதிதில் மாமியாருக்கு உபகாரம் செய்கிறேன் என்று இந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டான். பழைய மாடல். இதற்கு இனிமேல் புது சிஸ்டம் கிடையாது என்று செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட சாமான். எம்பிராய்டரி சாஃப்ட்வேரோ புது சிஸ்டம் இருந்தால்தான் ஓடுவேன் என்றது. இவன் இன்டர்நெட்டிலிருந்து எதையெதையோ இறக்கி, கம்பெனிக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகப் புது சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்தான். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு 'தூபா' என்று பெயர் வைத்தான். எல்லா அதிகாரமும் உள்ள கணக்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அதற்கு அந்த நிக்காஹ் படத்தையும் போட்டான். ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, லேப்டாப் என்றைக்காவது எழுந்திருக்காவிட்டால் இது வேண்டும் என்றான். கடைசியாக ஒரு கட்டளையும் போட்டான்.

"அம்மி, மூலைல ஒரு செவப்பு வட்டம் வரும். அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு கேக்கும். அத மட்டும் தொடவே தொடாதீங்க."

ஒரு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. நோன்பு சமயத்தில் தூபா ஒருநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். பட்டினி வயிறு, வெயில் காலம், யாராயிருந்தாலும் விழுவார்கள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு பெட்டியோடு அவளை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜமாத்தில் வந்து, "வலிப்பு நோயை மறைச்சு என் தலையில கட்டிட்டாங்க" என்று சொன்னான். உண்மையான காரணம் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவனுக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான் என்பது என் கட்சி.

தலாக் முடிந்தது. ஆனால் வலிப்பு என்ற சொல் முடியவில்லை. அவர்கள் இருந்த பேட்டையில் அது வீட்டுக்கு வீடு நுழைந்தது. தூபாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் தெருமுனையிலேயே விசாரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதனால்தான் கடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்தாள் ஜஹனாரா. தௌசீஃபுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கென்ன அக்கறை?

அவன் படத்தை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். அதற்கு அவன் பாஸ்வேர்டு வேண்டுமாம். அவனிடம் போய்க் கேட்பதைவிட தினம் அந்த முகத்தில் விழித்து ஒரு சாபம் கொடுப்பது மேல் என்பது ஜஹனாராவின் முடிவு. துணி ஒட்டியதுகூட தூபாவுக்காகத்தான். அந்தப் பெண் படத்தைப் பார்க்கிற நாளெல்லாம் சோற்றில் கை வைக்க மாட்டாளாம்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு எரிந்தது. நாளைக்கே பெங்களூருக்குப் போய் அவன் ஆபீஸ் வாசலில் நின்று கத்திவிட்டு வருகிறேன் என்றேன். கணக்கு டீச்சராக இருந்தவள் நான். என் குரல் கடைசி பெஞ்சு வரை போகும். அப்போதுதான் உள்ளே இருந்து தூபா வந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மி, ஏற்கெனவே எனக்கு சத்தியம் பண்ணிக்கீற. மறந்துடாத. அவனப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசக்கூடாது. நீ பேசப் பேச அது அவன் மேல ஒட்டல, என் மேலதான் ஒட்டுது. மாமி, நீங்களும்தான்" என்று என் கையையும் இழுத்து வைத்தாள்.

அவள் தலைமுடி மெத்தென்று இருந்தது. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மஹ்விஷ் வந்தாள்.

அடையாறிலிருந்து வந்த பெண். தமிழ் முஸ்லிம் குடும்பம். வாப்பா சவூதியில், தமாமில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊரோடு திரும்பியிருக்கிறார். இங்கே அவர்களுக்கு உறவும் குறைவு, பழக்கமும் குறைவு. நிக்காஹ் துப்பட்டாவுக்கு பார்டர் முழுக்க ஜரிகை வேலை, நடுவில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வேண்டும் என்றாள். கலகலவென்று பேசுகிற பெண். எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

"மாப்ள பேரு இன்னா பேட்டா?" என்று ஜஹனாரா கேட்டாள்.

"தௌசீஃப், ஆன்ட்டி. பெங்களூர்ல ஐடி. இருங்க, போட்டோ காட்டறேன்."

போனை நீட்டினாள். அதே பல். ஜஹனாராவின் கையில் இருந்த அளவு டேப் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஏற்கெனவே ஒரு எடத்துல நிச்சயம் பண்ணி, அது நின்னுபோச்சாம். பாவம், ரொம்ப கஷ்டப்பட்டிருக்காரு" என்றது அந்த அப்பாவிப் பெண்.

நிச்சயமாம்! நிக்காஹ் ஆகி, குடித்தனம் நடத்தி, பெட்டியோடு துரத்தினதற்குப் பெயர் நிச்சயம் நின்றுபோனதாம். நான் வாயைத் திறந்தேன். கடைக்குள் தொங்கும் சீலை மறைப்புக்குப் பின்னால் மெஷினருகே உட்கார்ந்திருந்த தூபா, இடுக்கு வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் வாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் மூடினது அன்று ஒருநாள்தான்.

மஹ்விஷ் போனதும், அவள் கொடுத்துவிட்டுப் போன துப்பட்டாவை ஜஹனாரா சுருட்டித் தெருவில் எறியப் போனாள். தடுத்தது தூபாதான்.

"வேல வேலதான் அம்மி. அந்தப் பொண்ணு நமக்கு இன்னா பண்ணிச்சு?"

"பொண்ணு ஒண்ணும் பண்ணல. மறைச்சுக் கட்டிட்டாங்கன்னு உன்னச் சொன்னான். இப்ப இவன் இன்னா பண்ணிக்கினு கீறான்? கல்யாண நாளுக்கு முந்தின நாள் மெஷின் ரிப்பேர்னு சொல்லிடறேன். துப்பட்டா இல்லாம உக்காரட்டும்."

"உக்காரப்போறது அவ. அவன் இல்ல."

தன் புருஷனாக இருந்தவனின் புதுப் பெண்டாட்டிக்குத் துப்பட்டா தைக்க உட்கார்ந்தாள் தூபா. தி.நகருக்குப் போய் ஜரிகை நூல் பார்த்து வாங்கிவந்ததும் அவள்தான். பார்டர் வேலை மிக அழகாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

பார்டர் முடிந்து பெயர்கள் மட்டும் பாக்கி. ஒரு மத்தியானம் நான் கீழே இறங்கியபோது தூபா லேப்டாப்பில் அந்த எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தாள். 'மஹ்விஷ்' முடிந்து 'தௌசீஃப்' நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் இழுத்து இழுத்துச் சரி செய்தாள். முகத்தில் எதுவும் இல்லை. தொழுகை நேரமாகிவிட்டது என்று எழுந்து உள்ளே போனாள்.

ஜஹனாரா வந்து திரையைப் பார்த்தாள். மகள் கையால் வரைந்த அவன் பெயர். மூலையில் சிவப்பு வட்டம்.

"மாமி, இத தொடாதன்னு சொன்னான் இல்ல?" என்றாள். குரலே வேறாக இருந்தது.

"சொன்னான்னு நீதானே சொன்னே."

"அவன் இன்னா எனக்கு சொல்றது? என் பொண்ண ரோட்ல வுட்டவன், என் லேப்டாப்புக்கு சட்டம் போடுவானா? இத்தினி நாளா அவன் பேச்சக் கேட்டுக்கினு கீறேன் பாரு, என்னச் சொல்லணும்."

அழுத்திவிட்டாள். சரியாகச் சொன்னால், குத்தினாள். எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

லேப்டாப் நல்ல பிள்ளையாக அப்டேட்டை வாங்கிக்கொண்டது. தானே அணைந்தது, தானே எழுந்தது. ஒரு கோடு மெதுவாக நீண்டு பாதி வரை வந்தது. பிறகு திரை இருண்டது. சாம்பல் நிறத்தில் ஏதோ கோளாறு, மறுபடி தொடங்குகிறேன் என்று பல பாஷைகளில் எழுத்து வந்தது. மறுபடி கோடு, மறுபடி பாதி, மறுபடி இருட்டு. செக்கு மாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூபா தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

கடையின் எல்லா டிசைனும் அதற்குள்தான். மயில், மாங்காய், அன்னம், அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்த ரவிக்கைகளின் அளவு எல்லாம். மாட வீதியிலிருந்து வெங்கடேஷை வரவழைத்தோம். லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவன். கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு மூடியைச் சாத்தினான்.

"இது கம்பெனி குடுத்த சிஸ்டம் இல்லக்கா. திருட்டு வழில ஏத்திக்கிறாங்க. இதுக்கு அப்டேட் போட்டா உள்ள போட்ட ஒட்டெல்லாம் பிச்சிக்கும். எவன் ஏத்தினானோ அவன் இன்னா மாத்திக்கிறான்னு அவனுக்குத்தான் தெரியும். நான் கைய வெச்சேன்னா மொத்தமும் அழிஞ்சாலும் அழிஞ்சுடும். அந்த ஆளயே கூப்டுங்க."

"அந்த ஆள் செத்துட்டான்" என்றாள் ஜஹனாரா.

தூபா தலையை நிமிர்த்தினாள். "பேர் சொன்னனா நானு?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் மஹ்விஷ் துப்பட்டாவைப் பார்க்க வந்தாள். வாப்பா வெளியே காரில் இருக்கிறார், அவசரம் என்றாள். தூபா மறைப்புக்குப் பின்னால் போய்விட்டாள். நான் என் அக்கா பேத்தியின் ரவிக்கையைச் சாக்காக வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் படுத்துவிட்டது, பெயர் போட முடியாது என்று ஜஹனாரா சொன்னாள். அவள் பொய் சொல்லத் திட்டம் போட்டிருந்ததே நிஜமாக நடந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மஹ்விஷ் முகம் வாடிப் போயிற்று. பிறகு சட்டென்று மலர்ந்தது.

"இதுக்கா ஆன்ட்டி கவலப்படறீங்க? தௌசீஃப்கிட்ட கேக்கலாமே. அவர் இதுலயெல்லாம் கில்லாடி. மீட்டிங்னா கூட நான் கூப்பிட்டா எடுப்பாரு."

நானும் ஜஹனாராவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டாம் என்று நான் தலையாட்டவில்லை. அவளும் ஆட்டவில்லை. மஹ்விஷ் ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜைமேல் வைத்தாள்.

"எங்க இருக்க?" என்றது அந்தக் குரல். தேன் ஒழுகிற்று.

"மயிலாப்பூர்ல, துப்பட்டா ஆன்ட்டி கடையில. அவங்க லேப்டாப் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. நம்ம பேரு இன்னும் போடல. கொஞ்சம் சொல்லுங்களேன்."

மாடலைக் கேட்டான். திரையில் என்ன வருகிறது என்று கேட்டான். சொன்னாள். சிரித்தான்.

"இந்த மாடலுக்கு இந்த சிஸ்டமே கிடையாது மஹ்விஷ். யாரோ அன்அஃபிஷியலா போட்டுக் குடுத்திருக்கான். ஆனா போட்டவன் நல்லாத் தெரிஞ்சவன், சாதாரண ஆளால முடியாது. அப்டேட் பண்ணாதீங்கன்னு கண்டிப்பா சொல்லிருப்பான். இந்தப் பொம்பளைங்க எங்க கேக்கறாங்க?"

தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஜஹனாரா அசையவில்லை. தலைமேல் சத்தியம், அதுவும் பெற்ற பெண்ணின் தலை. அவள் உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"போட்டவன் ஒரு பென்டிரைவ் குடுத்திருப்பான். இருக்கான்னு கேளு."

ஜஹனாரா எழுந்து பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். அவன் கொடுத்தது என்று வெறுத்து அதில்தான் எறிந்து வைத்திருந்தாள். பட்டன்களுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுத்து மஹ்விஷ் கையில் கொடுத்தாள்.

"செருகு. ஆப்ஷன் கீய அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணு. பென்டிரைவ் படம் வரும், அதத் தேர்ந்தெடு. அப்புறம் இன்னொரு தடவ படங்கள் வரும். அதுல ஹார்ட் டிஸ்க் மேல நின்னு, ஷிஃப்ட்டப் பிடிச்சுக்கிட்டே என்டர். சேஃப் மோடுல எழுந்துக்கும். மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

ஜஹனாரா ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன். மஹ்விஷ் அப்படியே செய்தாள். பென்டிரைவ் படம் வந்தது. அழுத்தினாள். இரண்டாம் தடவை படங்கள் வந்தன.

"வந்துடுச்சு! டிஸ்க் படம் ஒண்ணு இருக்கு. கீழ பேரு போட்டிருக்கு. என்னது இது… தூபா."

போனில் சத்தமே இல்லை.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"மஹ்விஷ்" என்றான். தேன் வற்றிவிட்டது. "அத ஆஃப் பண்ணு. இது சரியாவாது. வைரஸ் இருக்கு."

"இப்பதான எழுந்துக்கும்னீங்க?"

"சொன்னாக் கேளு. ஆஃப் பண்ணிட்டு வெளிய வா. துப்பட்டா வேற எடத்துல போட்டுக்கலாம். நான் நல்ல எடமா பாத்துத் தரேன்."

மஹ்விஷ் ஒன்றும் புரியாமல் கையை எடுத்துவிட்டாள். ஜஹனாரா முன்னால் வந்தாள். ஒரு விரல் ஷிஃப்ட் மேல், ஒரு விரல் என்டர் மேல். அவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே அழுத்தினாள். மருமகன் பேச்சை அவள் அவ்வளவு பயபக்தியாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

கோடு நீண்டது. பாதியில் நின்றது. கபாலீசுவரா, இந்த ஒருதரம் என்று நான் வேண்டிக்கொண்டேன். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. கோடு மெல்ல நகர்ந்து, பாதியைத் தாண்டி, முடிவுக்கு வந்தது.

திரை வந்தது. இடது பக்கம் வழக்கம்போல் கறுப்புத் துணி தொங்கியது. வலது பக்கம் 'அம்மி'.

"ஆன்ட்டி, ஓடுது!" என்று மஹ்விஷ் கைதட்டினாள்.

"என்ன தெரியுது?" என்றான் அவன். பயந்தவன் குரல்.

"அம்மின்னு ஒரு அக்கவுண்ட். அவ்ளோதான்."

அவன் மூச்சு விட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. படத்தை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். தப்பித்தோம் என்று அவன் அத்தோடு போனை வைத்திருந்தால் கதையே வேறு. ஜஹனாராவின் கை துணியை நோக்கிப் போய், பாதியில் நின்றது. துணியைத் தூக்குவதும் பேசுவதில் சேர்த்தியா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். அவனுக்கோ வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி, கேளு மஹ்விஷ். அந்தக் கடைக்கு இனிமே போகாத. அந்த வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. வலிப்பு நோய். அத மறைச்சு யார் தலையிலயோ கட்டி வெச்ச குடும்பம் அது. நம்ப முடியாத ஆளுங்க."

மஹ்விஷ் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "இது யார் கடைன்னு நான் பேரே சொல்லலயே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் வருவதற்குள் மறைப்பு விலகியது. தூபா வந்தாள். கையில் நூல் கண்டு. நேராக மேஜைக்கு வந்து, அம்மாவின் கையை ஒதுக்கி, துணியைப் பிடித்து இழுத்தாள். டேப்போடு கிழிந்து கையோடு வந்துவிட்டது.

பூச்சரத்தை ஒதுக்கிவிட்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மஹ்விஷ் படத்தைப் பார்த்தாள். கீழே இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். பிறகு எதிரே நின்றவளைப் பார்த்தாள்.

"நான்தான் தூபா. அது நிச்சயம் இல்ல, நிக்காஹ். எனக்கு வலிப்பு ஒருநாளும் வந்ததில்ல. நோன்புல ஒருநாள் மயங்கி வுழுந்தேன், அவ்ளோதான்" என்றாள் தூபா.

அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மி, சத்தியத்த எடுத்துட்டேன். இப்ப பேசு."

அடடா, பேசினாள் பாருங்கள்! அடைத்து வைத்திருந்ததெல்லாம் உருதுவிலும் தமிழிலும் மடை திறந்துகொண்டது. அவன் பல்லில் ஆரம்பித்தாள். எனக்கு உருது தெரியாது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. நானும் கடைசி பெஞ்சுக் குரலில் சேர்ந்துகொண்டேன். அவன் எப்போதோ போனை வைத்துவிட்டான் என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை. அதனால் என்ன, திரையில் அவன் முகம் இருந்தது. அதற்குச் சொன்னோம்.

மஹ்விஷ் அழவில்லை. மேஜைமேல் கிடந்த துப்பட்டாவை எடுத்து மடித்தாள். பார்டர் மட்டும் மின்னியது. நடுவில் வெறும் துணி. ஜஹனாரா அந்தச் சிவப்பு வட்டத்தைத் தொடாமல் இருந்திருந்தால் இந்நேரம் அங்கே அவன் பெயர் ஏறியிருக்கும்.

"இந்த பார்டர் நீங்க போட்டதா?" என்று தூபாவைக் கேட்டாள்.

"ஆமா."

"என்னோட பேரு மட்டும் போட்டுக் குடுங்க" என்றாள். போய் வாப்பாவைக் கூட்டிவந்தாள்.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். தன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "என் புள்ளைட்ட மறைச்சிட்டான்" என்று மட்டும் சொன்னார். மறைச்சுட்டாங்க என்ற அந்தச் சொல் தௌசீஃபுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்ததைக் கேட்டு ஜஹனாரா கண்ணை மூடிக்கொண்டாள். பாயசம் சாப்பிட்ட முகம்.

அத்தோடு விட்டிருந்தால் அவள் ஜஹனாரா இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மஹ்விஷின் வாப்பாவைத் தங்கள் பழைய பேட்டைக்கு வரவழைத்தாள். ஜமாத் பெரியவர்கள் முன்னால் அவரை நிறுத்தி, நிக்காஹை நிச்சயம் என்று அவன் அவர்களிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்ல வைத்தாள். பிறகு தூபாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தாள். வலிப்பு, வலிப்பு என்று பேசின ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே இருப்பவளை வெளியே கூப்பிட்டு, "ஏன்மா, எம் பொண்ணப் பத்தி இன்னாவோ சொல்லிக்கினு இருந்தியே, இப்ப அவ மூஞ்சப் பாத்துச் சொல்லு" என்றாள். ஒருத்தியும் சொல்லவில்லை. சிலர் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டும் அவர்களை மன்னிக்கவில்லை.

அவன் நிக்காஹ் நின்றுபோயிற்று. நிஜமாகவே நிச்சயத்தோடு நின்றுபோயிற்று. இனிமேல் அவன் அப்படிச் சொல்லிக்கொண்டால் பொய்யாகாது.

வெங்கடேஷ் மறுபடி வந்தான். லேப்டாப் எழுந்துவிட்டதால் மீதிக் கோளாறை அவனே சரி செய்தான். டிசைன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தான். முடித்துவிட்டு, இடது வட்டத்தைக் காட்டினான்.

"இப்ப வழி கீதுக்கா. பாஸ்வேர்டு இல்லாமலே இந்த ஆள் அக்கவுண்ட மொத்தமா தூக்கிடலாம். தூக்கிடவா?"

துணி போனபின் அந்த முகம் பளிச்சென்று கடை முழுக்கத் தெரிந்துகொண்டிருந்தது. நான் தூபாவைப் பார்த்தேன். அவள் மெஷினுக்கு நூல் கோத்துவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜஹனாரா மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"வாணாம் வெங்கடேஷு, இருக்கட்டும்" என்றாள். "அவன் இன்னொரு எடத்துல பொண்ணு பாப்பான். அந்தப் பொண்ணும் துப்பட்டா தைக்க எங்கியாவது போயித்தான ஆவணும்."